வளைவுக்கு முன்னால் ஹாரன்

வண்டி சமையலறை வாசல் நிலையில் போய் முட்டியது. முட்டிய பிறகும் ஹாரன் நிற்கவில்லை. இரண்டு சக்கரங்களும் வெள்ளை டைல்ஸ் தரையில் வழுக்கியபடி சுற்றிக்கொண்டே இருந்தன.

அரிசி களைந்துகொண்டிருந்த அண்ணி ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றார். நான் ஓடிப்போய் வண்டியைத் தூக்கினேன். கைக்கு வந்த பிறகும் அது அடம்பிடிக்கும் குழந்தை மாதிரி காற்றில் சக்கரத்தை உதைத்தது. சுவிட்சை அணைத்த பிறகுதான் வீடு அமைதியானது.

உள்ளறையில் கட்டிலில் படுத்திருந்த அண்ணன் கேட்டார். “இன்னா ஆச்சு?”

அந்த நாட்களில் அவர் பேச்சு குழற ஆரம்பித்திருந்தது. ஆனாலும் எங்களுக்குப் புரியும்.

“இடிச்சிக்கிச்சுண்ணா.”

“ஹாரன் அடிச்சுதா?”

“அடிச்சுது.”

“அடிச்சிக்கினே போய் இடிச்சுதா?”

“ஆமாண்ணா.”

பிறகு, “அப்ப டிரைவர் தூங்கறான்” என்றார்.

அண்ணி சிரித்துவிட்டார். பல மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் கேட்ட சிரிப்பு. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்த வண்டி விளையாட்டுச் சாமான் இல்லை என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். கட்டிலிலிருந்து சமையலறை வரைக்கும் அது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால்தான் இனி அண்ணனால் அண்ணியைக் கூப்பிட முடியும்.

பெட்டியின் மேல் ரோபோ என்றுதான் போட்டிருந்தது. எங்கள் வீட்டில் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. டிபன் பாக்ஸ் அளவில் இருந்த அதற்கு எங்களிடம் ஒரே பெயர், வண்டி.

சித்தூர் மாங்கூழ் ஆலையின் எடைமேடையைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தேன். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து டிராக்டர்களின் எடையைக் கம்ப்யூட்டரில் அடிக்கிறவளுக்கு ரோபோ செய்ய எங்கே தெரியும் என்று கேட்பீர்கள். தெரியாதுதான். அந்த வீட்டில் யாருக்குமே தெரியாது. தெரியாமலேயே செய்தோம்.

மலை பஸ்

அண்ணன் முனிரத்தினம் திருப்பதியிலிருந்து மலைக்குப் போகும் பஸ்ஸில் டிரைவராக இருந்தவர். நாங்கள் ஆந்திர எல்லையில் பாலசமுத்திரம் பக்கத்துக் குடும்பம். படித்தது தெலுங்கில், சண்டை போடுவது தமிழில். வேலை அண்ணனைத் திருப்பதிக்குக் கொண்டுபோனது, என்னைச் சித்தூரில் விட்டது.

மலைப்பாதையில் ஏறும் வழி வேறு, இறங்கும் வழி வேறு. எதிரில் வண்டி வராது. ஆனாலும் அண்ணன் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரன் அடிப்பார். ஒரு தடவை அவருக்குப் பின்னால் முதல் சீட்டில் உட்கார்ந்து இறங்கினேன். பஸ் முழுக்க மொட்டைத் தலைகள், ஈரச் சந்தன வாசனை, தலை எரிகிறதென்று அழும் குழந்தைகள். வளைவுக்கு வளைவு ஹாரன். யாருமே வராத ரோட்டில் யாருக்காக அடிக்கிறாய் என்று கேட்டேன்.

“யாரும் வரமாட்டாங்கன்னு நீயா முடிவு பண்ணக்கூடாது” என்றார். “நான் வரேன்னு சொல்லிட்டு நீ போ.”

அந்த ரோட்டில்தான் ஒரு நாள் இறக்கத்தில் கியர் மாற்றக் கையைக் கொண்டுபோனார். கை போனது, விரல்கள் பிடிக்கவில்லை. பஸ்ஸை எப்படியோ கீழே கொண்டுவந்து நிறுத்தினார். நேராக டிப்போவுக்குப் போய் இனி ஸ்டீரிங்கைத் தொடமாட்டேன் என்று அவரே சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து அண்ணியிடம் காபி கேட்டிருக்கிறார். டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்ததைப் பார்த்துத்தான் அண்ணிக்கு ஏதோ சரியில்லை என்று பட்டிருக்கிறது.

திருப்பதியில் பார்த்தோம், வேலூருக்குக் கொண்டுபோய்ப் பார்த்தோம். நோயின் பெயர் வாயில் நுழையவில்லை. விஷயம் மட்டும் புரிந்தது. தசைகளுக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்திக்கொண்டே வரும். கை, கால், பேச்சு, விழுங்குவது, கடைசியில் மூச்சு. திருப்பிவிட மருந்து கிடையாது. அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கும் என்று டாக்டர் ஆறுதலாகச் சொன்னார். அண்ணன் அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளவில்லை.

குக்கர் விசில்

ஒரு காலையில் அண்ணி சமையலறையில் இருந்தார். குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது, மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது. கட்டிலில் அண்ணனுக்குத் தொண்டையில் சளி அடைத்துக்கொண்டது. கூப்பிட்டிருக்கிறார். சளி அடைத்த அந்தக் குரலுக்குக் குக்கரையும் மிக்ஸியையும் தாண்டிப் போகிற தெம்பு இல்லை.

தற்செயலாகத்தான் அண்ணி தண்ணீர் டம்ளரோடு உள்ளே போனார். அண்ணனின் முகம் கறுத்துக் கிடந்தது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகைத் தட்டி, விரலை விட்டு எடுத்து, எப்படியோ மூச்சு திரும்பியது.

அதோடு அண்ணி சமையலறைக்குப் போவதை விட்டுவிட்டார். கரண்ட் அடுப்பைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டார். மிளகாய் தாளித்தால் அண்ணன் இருமுவார் என்று தாளிப்பதையே நிறுத்தினார். துணி துவைக்க, குளிக்க, எல்லாவற்றுக்கும் பக்கத்து வீட்டிலிருந்து யாராவது வந்து உட்கார வேண்டும். இல்லாவிட்டால் என் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்க வேண்டும்.

நான் பஸ் இறங்கி வீட்டுக்குள் கால் வைத்ததும் அண்ணி தலைக்குக் குளிக்கப் போவார். கதவைச் சாத்திக்கொண்டால் நெடுநேரம் வெளியே வரமாட்டார். தண்ணீர் விழுகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும். உள்ளே அழுகிறார் என்று எனக்குத் தெரியும். அண்ணனுக்கும் தெரியும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, குளியலறைக் கதவைப் பார்த்துக்கொண்டே அண்ணன் சொன்னார்.

“அவளயும் சேத்து இந்தக் கட்டில்ல கட்டிப் போட்டுட்டேன், குணா.”

நான் போர்வையைச் சரிசெய்தேன்.

மணி வேண்டாம்

அடுத்த வாரம் ஒரு காலிங் பெல் வாங்கிக்கொண்டு போனேன். கட்டிலில் சின்னப் பட்டன், சமையலறையில் மணி. அமுக்கினால் டிங் டாங். வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அண்ணன் ஒரு தடவை அதன் சத்தத்தைக் கேட்டார். வேண்டாம் என்றார்.

இங்கே எங்கள் நைனாவை, அதாவது அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நைனா சித்தூரில் ஓர் அரசாங்க ஆபீசில் அட்டெண்டர். அதிகாரியின் மேஜையில் ஒரு பித்தளை மணி இருக்கும். தலையில் தட்டினால் டிங் என்னும். வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் நைனா எழுந்து உள்ளே ஓடுவார். கோப்பு எடுக்க, டீ வாங்க, ஜன்னலைச் சாத்த, சாத்திய ஜன்னலைத் திறக்க.

அந்த மணி அவரோடு வீட்டுக்கும் வந்தது. தெருவில் சைக்கிள் மணி கேட்டால், சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நைனா சோற்றுக் கையோடு பாதி எழுவார். உடனே நினைவு வந்து உட்கார்ந்துகொள்வார். அம்மா அதைப் பார்க்காத மாதிரி ரசத்தைக் கலக்குவார். ரிட்டயர் ஆன பிறகும் அது போகவில்லை. பக்கத்து வீட்டில் பூஜை மணி அடித்தால் தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்பார்.

“நைனாவ மணி அடிச்சிக் கூப்ட்டாங்க” என்றார் அண்ணன். “சுஜாவ நான் மணி அடிச்சிக் கூப்பிடமாட்டேன்.”

சுஜா என்பது அண்ணி. ஏர்பேடு பக்கம் பிறந்தவர், வீட்டுப் பேச்சு தெலுங்கு. பர்வாலேது, நான் ஒன்றும் நினைத்துக்கொள்ள மாட்டேன், தாராளமாக அடியுங்கள் என்று அவரும் கெஞ்சிப் பார்த்தார். அண்ணன் மசியவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூச்சு அடைக்கிறபோதுகூட மரியாதை பார்ப்பாயா என்று கத்தினேன். அண்ணன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

“ஹாரன்னா பரவால்ல” என்றார்.

மணிக்கும் ஹாரனுக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று கேட்டேன்.

“மணி அடிச்சா நீ வான்னு அர்த்தம். ஹாரன் அடிச்சா நான் வரேன்னு அர்த்தம்.”

கட்டிலின் பக்கத்தில் ஸ்டாண்டில் நிறுத்தியிருந்த போனைக் கண்ணால் காட்டினார். அதில் ஒரு தெலுங்கு வீடியோ பாதியில் நின்றிருந்தது. யாரோ ஒருவரின் மேஜை மேல், வரைந்திருந்த ஒரு கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்ன வண்டி தானாகப் போய்க்கொண்டிருந்தது. பல நாட்களாக அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

ஸ்டீரிங் எங்கே?

நான் ஆர்டர் போட்ட ரோபோ பெட்டி வந்த அன்று அண்ணன் கண்முன்னால்தான் திறக்க வேண்டும் என்று உத்தரவு. நானும் அண்ணியும் தரையில் நாளிதழை விரித்து எல்லாவற்றையும் கொட்டினோம். காக்கித் தாள் ஒட்டிய ஒரு பலகை. அட்டை என்று நினைத்தோம். நகத்தால் தாளை உரித்தால் உள்ளே கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக். இரண்டு மஞ்சள் மோட்டார், இரண்டு ரப்பர் சக்கரம், முன்னால் ஒரு குண்டு உருளை. எல்லாவற்றுக்கும் மூளையாக உள்ளங்கை அளவில் ஒரு நீல போர்டு. ஒயர்கள். ஊதினால் பறக்கும் அளவுக்குச் சின்னச் சின்ன ஸ்குரூக்கள். அண்ணி குங்குமச் செப்பின் மூடியைக் கொண்டுவந்து ஸ்குரூக்களை அதில் போட்டுக்கொண்டார்.

அண்ணன் எல்லாவற்றையும் ஒரு சுற்றுப் பார்த்தார். “ஸ்டீரிங் எங்க?” என்றார்.

ஸ்டீரிங் கிடையாது. இடது சக்கரத்தை நிறுத்தி வலது சக்கரத்தை ஓட்டினால் வண்டி இடது பக்கம் திரும்பும். அவ்வளவுதான். அண்ணனுக்கு அது பெரிய அவமானமாக இருந்தது. மத்தியானம் முழுக்க யோசித்தார். சாயங்காலம், மாட்டு வண்டி கதைதான், ஒரு மாட்டைப் பிடித்தால் இன்னொரு மாடு சுற்றிக்கொண்டு வரும் என்று சமாதானமாகிவிட்டார்.

பல ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே போயின. வீடியோவைப் பார்த்துப் பார்த்து நான் ஒயர்களைப் பற்றவைத்தேன். ஈயம் உருகும்போது சாம்பிராணி போட்ட மாதிரி ஒரு புகை எழும். அண்ணி ஜன்னலைத் திறந்துவிடுவார். ஒயரை மாற்றிக் கொடுத்ததில் வண்டி முதல் தடவை பின்னாலேயே போனது. ரிவர்ஸ் கியரிலேயே டெலிவரி கொடுத்துவிட்டார்கள் என்றார் அண்ணன்.

வண்டியின் மூக்கில் தரையைப் பார்த்தபடி இரண்டு கண்கள். வெள்ளை எது, கறுப்பு எது என்று மட்டும் அவற்றுக்குத் தெரியும். வெள்ளைத் தரையில் எலெக்ட்ரீஷியன்கள் சுற்றுகிற கறுப்பு டேப்பை ஒட்டி ரோடு போட்டோம். ரூட் போட்டது அண்ணன். கட்டிலின் காலடியிலிருந்து நேராக அறை வாசல், அங்கே இடது பக்கம் ஒரு வளைவு, கூடத்தைத் தாண்டி வலது பக்கம் ஒரு வளைவு, பிறகு சமையலறை. அண்ணி முழங்காலில் தவழ்ந்து ஒட்டினார். கொண்டை ஊசி வளைவு வேண்டாம், அகலமாகப் போடு என்று உள்ளேயிருந்து குரல் வந்துகொண்டிருந்தது.

வண்டிக்கு உத்தரவு எழுதுவதுதான் எனக்குப் பயமாக இருந்தது. லேப்டாப்பைக் கட்டிலின் ஓரத்தில் வைத்துக்கொண்டு உட்காருவேன். அண்ணன் சொல்லச் சொல்ல அடிப்பேன். இடது கண்ணில் கறுப்பு பட்டால் இடது சக்கரத்தை நிறுத்து. வலது கண்ணில் பட்டால் வலதை நிறுத்து. இரண்டிலும் படவில்லை என்றால் நேராகப் போ. ஊருக்குப் புதிதாக வந்தவனுக்கு வழி சொல்லுகிற மாதிரிதான் இருந்தது. ஓர் அரைப்புள்ளியை விட்டால் போதும், லேப்டாப் ஆங்கிலத்தில் கத்தும்.

ஹாரன் இல்லாமல் வண்டி நன்றாகவே ஓடியது. சட்டைப் பித்தான் அளவில் ஒரு ஹாரன் பெட்டியில் இருந்தது. அதை மாட்டி, வளைவுக்கு வளைவு அடி என்று எழுதிய அன்றுதான் சமையலறை நிலையில் போய் முட்டியது.

டிரைவர் தூங்கிய இடம்

முதல் வளைவிலேயே தப்பு நடந்துவிட்டது. நாங்கள் கவனிக்கவில்லை. அது அகலமான வளைவு, தட்டுத் தடுமாறி வண்டி திரும்பிவிட்டது. இரண்டாவது வளைவில் வசமாக மாட்டிக்கொண்டது.

விஷயம் இதுதான். ஒரு நொடி ஹாரன் அடி என்று எழுதியிருந்தேன். அந்த நீல போர்டு சொன்ன சொல் தட்டாதது. ஒரு நொடி ஹாரன் அடித்தது. அந்த ஒரு நொடியும் வேறு எதையும் செய்யவில்லை, கோட்டைக்கூடப் பார்க்கவில்லை. சக்கரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. கோடு வளைந்தது, வண்டி நேராகப் போனது.

வளைவில் ஹாரனே வேண்டாம் என்றேன். சமையலறைக்குப் போய் நின்று அடித்தால் போதும். யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். எதிரில் வருவதற்கு அந்தக் கூடத்தில் யார் இருக்கிறார்கள்?

“ஹாரன் இல்லாம வளைவுல திரும்புற வண்டி என் வண்டி இல்ல” என்றார் அண்ணன்.

சரி, வளைவில் நின்று அடித்துவிட்டுப் போகட்டும் என்றேன். வளைவில் நிற்கிற வண்டியைப் பின்னால் வருகிறவன் இடிப்பான் என்றார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. வாரத்துக்கு வாரம் அவர் பேச்சு கரைந்துகொண்டிருந்தது. போன வாரம் புரிந்த சொல் இந்த வாரம் புரியவில்லை. இவர் என்னடாவென்றால் இல்லாத ரோட்டில் இல்லாத வண்டிக்காக வழக்குப் பேசுகிறார். பஸ்ஸில் திரும்பும்போது சந்திரகிரி தாண்டுகிற வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரே ஆரம்பித்தார். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். நடுவில் புரியாததை அண்ணி எடுத்துச் சொன்னார்.

“நான் ஒரே அழுத்தா அழுத்தமாட்டேன் குணா. கொஞ்சம் அடிப்பேன். ரோட்டப் பாப்பேன். திரும்பக் கொஞ்சம் அடிப்பேன். பாப்பேன். கண்ண மூடிக்கினு எவனாவது அடிப்பானா?”

அப்படியே எழுதினேன். ஒரு சொட்டு அடி, கோட்டைப் பார். மறுபடி ஒரு சொட்டு அடி, கோட்டைப் பார். வளைவுக்கு ஒரு சாண் முன்னால் குறுக்கே ஒரு சின்ன டேப்பும் ஒட்டச் சொன்னார். மலைப்பாதையில் ஹாரன் அடிக்கச் சொல்லி நிற்கும் பலகைக்குப் பதிலாக.

வண்டி குறுக்கு டேப்பைத் தொட்டதும் வேகத்தைக் குறைத்துக்கொண்டது. பிப், பிப், பிப் என்று விட்டு விட்டு அடித்துக்கொண்டே முதல் வளைவில் திரும்பியது. கூடத்தைத் தாண்டியது. மறுபடி பிப், பிப், பிப். சமையலறைக்குள் நுழைந்து, டேப் முடிகிற இடத்தில் அகலமாக ஒட்டியிருந்த கறுப்புக் கட்டத்தில் நின்றது. அண்ணன் அதைப் பார்க்க முடியாது. சத்தத்தை வைத்தே ரூட் முழுவதையும் கூடவே வந்திருந்தார். அறை வாசலிலிருந்து கட்டிலைத் திரும்பிப் பார்த்தேன். கண்ணீர் வழிந்து அவர் காதுக்குள் போயிருந்தது. நான் துடைத்துவிட்டேன்.

ஒஸ்தா உண்டா

எடைமேடையில் ஒரு பழைய மவுஸ் கிடந்தது. அதற்குள்ளிருந்த பட்டனை எடுத்து வந்தேன். அதைவிட லேசாக அமுங்குகிற பட்டன் எனக்குத் தெரிந்து இல்லை. அண்ணனின் இடது கை ஆள்காட்டி விரலில் மட்டும் அப்போது உயிர் மிச்சமிருந்தது. விரலுக்கு அடியில் மெத்தையோடு சேர்த்து அதைத் தைத்தோம். அதிலிருந்து ஒயர் கட்டிலின் காலடிக்கு வரும். அங்கே வண்டி ஒயரைத் தொட்டுக்கொண்டு நிற்கும். அந்த இடத்துக்கு டிப்போ என்று பெயர்.

விரல் அசைந்தால் மவுஸ் டக் என்னும். வண்டி கிளம்பும்.

முதல் வளைவின் ஹாரன் கேட்கும்போதே அண்ணி கையைக் கழுவ ஆரம்பிப்பார். இரண்டாவது வளைவில் அடுப்பைக் குறைப்பார். அண்ணன் பிடிவாதம் பிடித்த ஹாரன் அதற்கு உதவியது. எங்களோடு தமிழ் பேசுகிற அண்ணிக்குத் திடீரென்று யாராவது கூப்பிட்டால் தெலுங்குதான் வரும். “ஒஸ்தா உண்டா” என்பார். இதோ வருகிறேன் என்று அர்த்தம். வண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அறைக்குப் போவார். அண்ணனைப் பார்ப்பார், வேண்டியதைச் செய்வார், வண்டியை டிப்போவில் விடுவார்.

கரண்ட் அடுப்பு சமையலறைக்குத் திரும்பியது. தாளிக்கிற வாசனை திரும்பியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது அண்ணி குளித்து முடித்து, பின்வாசல் படியில் வெயிலில் உட்கார்ந்து தலைமுடியைக் காயவைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. வா குணா, உட்கார் என்றார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை எந்தத் திருவிழாவோடும் ஒப்பிடமாட்டேன்.

சில நாட்களில் அண்ணனின் குரல் சுத்தமாக நின்றுவிட்டது. விரலும் கண்ணும்தான். சில சமயம் ஒன்றும் வேண்டாமலேயே வண்டியை அனுப்புவார். அண்ணி வந்து தண்ணீரா, திருப்பிப் படுக்க வேண்டுமா, ஃபேனா என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். எதற்கும் கண் ஆமாம் சொல்லாது. சும்மா வந்தீர்களா என்று அண்ணி கேட்பார். அதற்கு மட்டும் கண் மூடித் திறக்கும்.

வேலையைக் கெடுக்கிறார் என்று என்னிடம் புகார் சொல்வார் அண்ணி. சொல்லிக்கொண்டே வண்டியை மடியில் கவிழ்த்து வைத்து, அச்சில் சுற்றிக்கொண்ட தலைமுடியை ஊக்கால் எடுத்துவிடுவார். அந்த முடி பாதி கறுப்பு, பாதி வெளுப்பு. அவருடையதுதான்.

சீசன்

மாங்காய் சீசன் வந்தால் எடைமேடையை விட்டு நகர முடியாது. ரோடு வரைக்கும் டிராக்டர்கள் நிற்கும். வெயிலில் பழம் இளகும், டிரைவர்கள் ஹாரன் அடித்துக் கத்துவார்கள். ஞாயிறு, திங்கள் எல்லாம் ஒன்று. அந்தச் சீசனில் திருப்பதிக்குப் போகவே முடியவில்லை.

ஒரு காலையில் அண்ணியிடமிருந்து போன். டிராக்டர் ஒன்று மேடையில் ஏறிக்கொண்டிருந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு கேட்டேன்.

“வண்டி வந்துச்சு குணா. போனேன். என்னையே பாத்துக்கினு இருந்தாரு. கைய புடிச்சிக்கினேன். அவ்ளோதான்.”

பிறகு நான் கேட்காமலேயே மறுபடி சொன்னார். “நான் பக்கத்துல இருந்தேன்.”

என் இடத்தில் யாரை உட்காரவைத்தேன், எப்படி பஸ் ஏறினேன் என்று நினைவில்லை. புடவையில் மாங்கூழ் புளித்த வாசனை வழி முழுக்கக் கூட வந்தது. அழுதேன். அழுகையோடு நிம்மதியும் இருந்தது. அண்ணன் கூப்பிட்டது கேட்டது. அண்ணி போய்ச் சேர்ந்தார். அதற்கு மேல் அந்த நோயிடம் நாங்கள் எதுவும் கேட்டிருக்க முடியாது.

கட்டில் போன அன்று

காரியங்கள் முடிந்த பிறகு, வாடகைக்கு எடுத்திருந்த இரும்புக் கட்டிலைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. எடுத்துப்போக இரண்டு பேர் வந்தார்கள். உறவுக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போயிருந்தார்கள். அத்தனை நாளும் வந்தவர்கள், போனவர்கள், ஒருவர்கூடத் தரையில் இருந்த டேப்பை மிதிக்கவில்லை. ஏனென்று யாரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. தாண்டித் தாண்டிப் போனார்கள்.

அண்ணி சமையலறையில் டம்ளர்களைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார். நான் அறை வாசலில் நின்றேன். வந்தவர்களில் ஒருவர் மெத்தையைச் சுருட்ட ஆரம்பித்தார். சுருட்டும்போது அவர் கை மெத்தையின் ஓரத்தை அழுத்தியது.

டக்.

டிப்போவில் நின்ற வண்டி கிளம்பியது. பேட்டரி எப்போதோ தீர்ந்திருக்கும் என்று நினைத்திருந்தேன். அந்த நாட்களிலும் அண்ணி அதை எடுத்து சார்ஜ் போட்டு மாட்டிக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பிடித்து நிறுத்தியிருக்கலாம். என் காலுக்குப் பக்கத்தில்தான் போனது. என்னால் குனிய முடியவில்லை. குறுக்கு டேப்பில் வேகத்தைக் குறைத்தது. பிப், பிப், பிப். வாசலில் இடது பக்கம் திரும்பியது. மெத்தையைப் பிடித்திருந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வண்டி கூடத்தைத் தாண்டியது. இரண்டாவது வளைவில் மறுபடி பிப், பிப், பிப்.

சமையலறையில் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது.

“ஒஸ்தா உண்டா” என்றார் அண்ணி.

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, வண்டியைக் கையில் எடுத்துக்கொண்டு வேகமாக வந்தார். என்னைத் தாண்டி உள்ளே கால் வைத்த பிறகுதான் நின்றார். சுருட்டிய மெத்தையைப் பார்த்தார், வெறும் இரும்புக் கட்டிலைப் பார்த்தார். கட்டிலை எடுக்க வந்தவர்கள் இருவரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

அண்ணி குனிந்து, வண்டியை டிப்போவில் விட்டார். அச்சில் சுற்றியிருந்த ஒரு முடியை எடுத்தார். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்து, “சும்மா வந்தீங்களா?” என்று கேட்டார்.